பொருளடக்கப் பெரும்போர்

அடுகோடிப் பேட்டையில், லேத் பட்டறைகள் இருபுறமும் எழுப்பும் இரும்போசைக்கு நடுவே பிறந்தவளும், கடைசல் வேலையில் கைதேர்ந்த ஆதிகேசவனின் மூத்த மகளும், பி.எட். என்னும் பெருங்கடலை இரண்டாம் முயற்சியில் நீந்திக் கரைகண்டவளும், முப்பத்துநான்கு குழந்தைகளின் பேரிரைச்சலை ஒற்றைக் கைதட்டலால் முழுதாக மூன்று விநாடி அடக்கவல்ல வித்தகியும், கொண்டையில் தானே செருகிய சிவப்பு மார்க்கரை வகுப்பு முழுக்கத் தேடி, பிறகு குழந்தைகளையும் தேட வைக்கும் மறதித் திலகமுமாகிய சங்கமித்ரா மிஸ் வாழ்க. அவளைத் தினமும் காலை ஏழேகாலுக்குச் சுமந்து, சிவாஜிநகரில் இறக்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காக்க வைத்து, லிங்கராஜபுரத்தில் கசங்கிய புடவையோடு கொண்டுசேர்க்கும் நகரப் பேருந்துகள் வாழ்க. அவற்றில் உட்கார இடம் கிடைத்தவர்களும் வாழ்ந்துவிட்டுப் போகட்டும்.

காவியம் என்றால் முதலில் ஒரு தெய்வத்தை வணங்க வேண்டும். அம்முறை வழுவாது, பள்ளி ஆபீஸ் மூலையில் பழைய மேசைவிரிப்பைப் போர்த்தி அமர்ந்திருக்கும் லேமினேஷன் மெஷினை வணங்குவோம். சூடேற இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு, பத்துத் தாளில் மூன்றை விழுங்கி, விழுங்கியதைத் திருப்பித் தர மறுக்கும் அப்பெருந்தெய்வம், சங்கமித்ரா ஒரு மாலை முழுவதும் கத்தரித்து எழுதிய இருபத்தெட்டு அட்டைகளில் இருபத்தொன்றையேனும் முழு உருவோடு வெளியே விட்டு அருள் செய்க.

போர் நடந்த களம், லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்கு அருகே, இரண்டு மாடியும் ஒரு தகரக் கூரையுமாக விண்ணை முட்ட முயன்று பாதியில் களைத்து நின்றுவிட்ட ஓர் ஆங்கிலப் பள்ளி. பெயர் வேண்டாம். அந்தப் பெயரில் 'இன்டர்நேஷனல்' என்றொரு சொல் உண்டு, அந்தச் சொல்லுக்குச் சான்றாக ஆபீஸில் ஓர் உலக உருண்டை உண்டு, அது சுற்றாது என்பது வரை தெரிந்தால் போதும். அப்பள்ளியின் அரியணையில் பத்தொன்பது ஆண்டுகளாக வீற்றிருப்பவர் பிரின்சிபால் சேஷகிரி. வீட்டில் கன்னடம், ஆசிரியர்களிடம் தமிழ், பெற்றோரிடம் ஆங்கிலம், கரண்ட் போனால் மூன்றும் கலந்து பேசும் மும்மொழி வேந்தர்.

ஒரு திங்கட்கிழமை காலை அவ்வேந்தர் சங்கமித்ராவைத் தம் அவைக்கு அழைத்தார்.

"நோடி மிஸ், பாருங்க, ஹெட் ஆபீஸ்லேர்ந்து வீணா மேடம் வர்றாங்க. வெள்ளிக்கிழமை தேர்ட் பீரியட். செகண்ட் பி. டெமோ கிளாஸ் நீங்க எடுக்கறீங்க. டாபிக் அவங்களே குடுத்துட்டாங்க. நான்-ஃபிக்‌ஷன் டெக்ஸ்ட் ஃபீச்சர்ஸ். ஆய்த்தா, சரியா?"

"சார், தேர்ட் பீரியட் பசங்களுக்கு கேம்ஸ்."

"கேம்ஸ்தானே," என்றார் வேந்தர்.

இந்த ஒற்றைச் சொல்லால் வீழ்ந்த வெள்ளிக்கிழமைகள் எத்தனை என்று வரலாறு அறியும். ஜூன் மாதத்து வெள்ளிகளை யூனிஃபார்ம் அளவெடுக்க வந்த டெய்லர் கொண்டுபோனார். ஜூலையின் வெள்ளிகள் கன்னட டிக்டேஷனுக்கு இரையாயின. ஆகஸ்டில் ஒரு வெள்ளியைப் பல் பரிசோதனையும், இன்னொன்றை அந்தப் பல் பரிசோதனைக்கு நன்றி கூறும் விழாவும் விழுங்கின. மீந்த இரண்டில் மழை பெய்யவில்லை, விருந்தினர் வரவில்லை, பேரிடர் ஏதும் நேரவில்லை. அவ்விரண்டையும் கழித்தல் கணக்கு பாக்கி இருக்கிறது என்று சொல்லி எடுத்துக்கொண்டது வேறு யாருமல்ல, நம் காவியத் தலைவியே. தலைவியின் புகழ் பாட வந்த இடத்தில் இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்தான். ஆனால் அவளே அதை மறக்காமல் இருந்தாள் என்பதால் சொல்ல வேண்டியதாகிறது.

எதற்காக இந்தப் போர் என்று கேட்போருக்கு. சங்கமித்ரா அப்பள்ளியில் சேர்ந்து மூன்றாவது ஆண்டு. 'நிரந்தரம்' என்னும் திருச்சொல்லை அவள் இதுவரை தொலைவிலிருந்து தரிசித்தாளேயன்றி அருகே சென்று தொட்டதில்லை. வீணா மேடத்தின் கையிலிருக்கும் டேப்லெட்டில் பதினான்கு கட்டங்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. பத்துக்கு மேல் டிக் விழுந்தால் வேலை உறுதி. குறைந்தால் அடுத்த ஆண்டு நர்சரிப் பிரிவில் உதவி ஆசிரியை, அதாவது மூக்கு துடைத்துவிடும் பெரும்பணி. பட்டியலின் மூன்றாம் கட்டம், வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறொரு மொழி ஒலிக்கலாகாது என்றது. பதினான்காம் கட்டம், கற்ற வித்தையை மாணவர் தாமறியாத இன்னொரு நூலில் தாமே எடுத்தாள வேண்டும் என்றது. பெங்களூரு மாநகரத்தில் எந்தப் பள்ளியிலும் அந்தப் பதினான்காம் கட்டத்தில் நேர்மையான டிக் விழுந்ததில்லை என்று ஆசிரியைகள் பேசிக்கொள்வார்கள்.

ஆயுதங்களைப் பார்ப்போம். 'தவளைகள்' என்னும் முப்பத்திரண்டு பக்க ஆங்கிலப் புத்தகம், எட்டுப் பிரதி. அதில் முகப்பில் காவல் நிற்கும் பொருளடக்கம், ஒவ்வொரு பகுதியின் தலைமேல் முடிசூடிய தலைப்பு, படங்களின் காலடியில் பணிந்து கிடக்கும் விளக்கவரி, வரிகளுக்கு நடுவே மார்தட்டி நிற்கும் தடித்த எழுத்து, வால்பக்கத்தில் அகரவரிசையில் அணிவகுத்த சொல்லடைவு ஆகிய ஐம்படைகளும் குறைவின்றி இருந்தன. இவ்வைந்தையும் இனங்காட்டி, இன்னது இதற்கு உதவும் என்று ஏழு வயதுக் குழந்தைகளுக்குப் புரியவைக்க வேண்டும். அவகாசம் மூன்று நாள். எதிரணியில் முப்பத்துநான்கு பேர்.

செவ்வாய்க்கிழமை முதற்போர் மூண்டது. முப்பத்துநான்கை எட்டால் வகுத்தால் மீதி வரும் என்பதைக் கழித்தல் கணக்கே முடியாத அந்தச் சேனை ஒரு நொடியில் கண்டுகொண்டது. ஒரு புத்தகத்தை நான்கு திசையிலிருந்து நான்கு வீரர் பற்றி இழுக்க, நடுவில் அட்டைப்படத்துத் தவளை தன் பிறவிப் பயனை அடைந்ததுபோல் வாய் பிளக்க, ஜாமெட்ரி பாக்ஸ்கள் இடிபோல் உருள, வாட்டர் பாட்டில்கள் மழைபோல் பொழிய, பத்து நிமிடம் போனது. புகை அடங்கியதும் முதல் பெஞ்சிலிருந்து விக்கி எழுந்தான். விக்கி என்பவன் கேள்விகளாலேயே செய்யப்பட்டவன். பதில் கிடைத்தால் வருந்துவான்.

"மிஸ், இதுல கதை எங்க கீது?"

"இது கதை புக் இல்ல விக்கி. உண்மையான விஷயம் சொல்ற புக்."

"அப்ப இந்தத் தவள பேரு இன்னா?"

"மரத்தவளை."

"அது ஜாதி மிஸ். பேரு?"

மரத்தவளை என்பது இனம், பெயரல்ல என்ற வேறுபாட்டை ஏழு வயதில் எட்டிய அம்மேதையின் முன், பி.எட். கடலை நீந்திய வீராங்கனை கைகூப்பாத குறையாக நின்றாள். ஒருவரைப் பெயர் கேட்பதற்கு முன் மற்றதைக் கேட்டுவிடும் பெரிய மனிதர்கள் பலரை அவள் பார்த்திருக்கிறாள். விக்கியின் அறிவு அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆனால் அதை டேப்லெட்டில் குறிக்கக் கட்டம் இல்லை. "பேரு வெக்கலைடா," என்றாள். உடனே வகுப்பு முழுவதும் அத்தவளைக்குப் பெயர் சூட்டும் விழாவில் இறங்கிற்று. முதல் பீரியட் முடிந்தபோது பொருளடக்கம் எது என்று ஒருவருக்கும் தெரியாது. தவளையின் பெயர் நாகேஷ் என்பது மட்டும் அனைவருக்கும் தெரிந்தது.

புதன்கிழமை விளக்கவரியை நோக்கிப் படை நடத்தினாள். ஆளுக்கொரு படம் வரைந்து, அதன் அடியில் அது என்ன, எங்கே, என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதும்படி ஆணையிட்டாள். முப்பத்துநான்கு தாள்கள் வந்து குவிந்தன. முப்பத்தொன்றில் தவளை இருந்தது. முப்பத்தொன்றின் அடியிலும் 'இது தவளை' என்று இருந்தது. மீதி மூன்றில், இரண்டில் பஸ் இருந்தது. ஒன்றில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள், கொண்டையில் சிவப்பு மார்க்கர், அடியில் 'மிஸ் எதையோ தேடறாங்க' என்ற வரி. படத்தில் தெரியாததை வரி சொல்ல வேண்டும் என்னும் இலக்கணத்தை அணுவளவும் பிசகாமல் நிறைவேற்றிய அந்த ஒரே தாளில் பெயர் எழுதியிருக்கவில்லை. யாருடையது என்று கேட்டாள். கடைசியிலிருந்து இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் தலையைக் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் சோனியா. அப்பா ஆட்டோ ஓட்டுபவர், அம்மா அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலைக்குப் போகிறவர். வகுப்பில் சோனியா வாயைத் திறந்து பேசியதை எண்ண ஒரு கையின் விரல்கள் போதும், அவையும் 'பிரசென்ட் மிஸ்' என்பதற்கே. ஆனால் ஓட்டத்தில் அவளை யாரும் முந்தியதில்லை. அதைப் பார்க்கும் வாய்ப்பு ஜூன் மாதத்திலிருந்து யாருக்கும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அன்றே தடித்த எழுத்தின் மீதும் போர் தொடுத்தாள்.

"மிஸ், இந்த வார்த்த மட்டும் ஏன் குண்டா கீது?" என்றான் விக்கி.

"நிறைய சாப்ட்டுச்சு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பு சிரித்தது.

"முக்கியமான வார்த்தைய அப்படிப் போடுவாங்க. வீட்டுல அம்மா ஒரு வார்த்தைய மட்டும் சத்தமா சொல்லுவாங்கள்ல? 'அடுப்புகிட்ட போகாதே'ல அந்த 'போகாதே' மாதிரி. புக்குல சத்தம் போட முடியாது. அதனால குண்டா எழுதுவாங்க."

முப்பத்துநான்கு தலைகள் ஆடின. போர் தொடங்கி முதன்முறையாக ஓர் அம்பு இலக்கில் தைத்தது.

வியாழக்கிழமை பொருளடக்கமும் சொல்லடைவும். தவளை என்ன தின்னும் என்பதைக் கண்டுபிடியுங்கள் என்றதும், எட்டுக் குழுக்களும் அட்டையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பக்கமாக எச்சில் தொட்டுப் புரட்டின. முன்பக்கத்தில் பொருளடக்கம் பக்க எண்ணோடு வாயிலில் நின்று வழிகாட்டக் காத்திருந்தது. அந்த வாயில்காப்போனை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "கன்டென்ட்ஸ் பாருங்க" என்று மூன்று முறை சொன்னாள். நான்காம் முறை குரல் உயர்ந்தது. ஐந்தாம் முறை பக்கத்து வகுப்பிலிருந்து மரகதம் மிஸ் எட்டிப் பார்த்தார்.

மரகதம் மிஸ் இருபத்தோராண்டு அனுபவம் கொண்டவர், பதினாறு டெமோக்களை வென்ற மூத்த தளபதி. இன்டர்வெல்லில் டீ ஊதிக் குடித்தபடி போர்த்தந்திரம் மொழிந்தார்.

"எதுக்குடி தொண்டை கிழியக் கத்தறே? நாலு பசங்களுக்கு ஆன்சர் சொல்லிக் குடு. மொத பெஞ்ச்ல உக்கார வை. பேசாததுங்கள கடைசி பெஞ்ச்சுக்கு அனுப்பு. கேள்வி கேக்கறது நீ, பதில் சொல்றது அதுங்க. நாப்பது நிமிஷம் ஓடிடும்."

"அது ஏமாத்தறது இல்லியாக்கா?"

"டெமோன்னா என்னன்னு நெனச்சே?" என்றார் மரகதம் மிஸ்.

சங்கமித்ரா வகுப்புக்குத் திரும்பினாள். அறம் வழுவாத வீராங்கனை அத்தந்திரத்தைத் தூக்கியெறிந்தாள் என்று எழுதத்தான் கை துடிக்கிறது. அவள் நால்வரைத் தேர்ந்தெடுத்தாள். விக்கி அதில் ஒருவன், ஏனெனில் அவனைப் பின்னால் வைப்பதைவிட முன்னால் வைத்துக் கண்காணிப்பது மேல். சோனியாவைக் கூப்பிட்டு, "நாளைக்கு மட்டும் கடைசி பெஞ்ச்சுல உக்காரும்மா," என்றாள். சோனியா ஏன் என்று கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு அப்போதே போய் உட்கார்ந்தாள். அந்தக் கீழ்ப்படிதல் சங்கமித்ராவை என்னவோ செய்தது. அடுகோடி கார்ப்பரேஷன் பள்ளியில் இன்ஸ்பெக்டர் வந்த நாளெல்லாம் அவளும் இப்படித்தான் கடைசி பெஞ்சுக்குப் போயிருக்கிறாள். அப்போதும் அவள் ஏன் என்று கேட்டதில்லை.

இந்த நேரத்தில்தான் விக்கி புத்தகத்தின் வால்பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"மிஸ், இங்க எல்லார் பேரும் வரிசையா எழுதி நம்பர் போட்டுருக்குது. இது தவளைங்களுக்கு அட்டெண்டன்ஸா?"

உலகின் பேருண்மைகள் பலவும் இப்படித்தான் மூக்கொழுகிக்கொண்டே வருகின்றன. சங்கமித்ரா வருகைப் பதிவேட்டை எடுத்து விரித்தாள். "ஆமாடா. இது அட்டெண்டன்ஸேதான். இதுல சோனியா பேரு வேணும்னா மொதல்லேர்ந்தா படிப்பே? எஸ்ல பாப்பே. எத்தனாவது நம்பர்?"

"இருபத்தெட்டு."

"அவ்ளோதான். புக்குல ஒரு விஷயம் வேணும்னா முழுசாப் படிக்க வேணாம். முன்னாடி கேளு, இல்ல பின்னாடி கேளு. அதுவே எங்க இருக்குன்னு சொல்லிடும்."

"யாரையும் கேக்க வேணாமா?" என்றது கடைசி பெஞ்ச். ஆண்டு தொடங்கி சோனியா கேட்ட முதல் கேள்வி.

"வேணாம். நீயே கண்டுபிடிச்சுக்கலாம்," என்றாள் சங்கமித்ரா. சொன்னது எவ்வளவு அபாயகரமான வாக்கியம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பாடத்தைச் சிலபஸில் வைத்திருக்கமாட்டார்கள்.

வெள்ளி விடிந்தது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பதினான்கு கட்டங்கள் ஒளிரும் டேப்லெட், முகத்தில் ஏற்கெனவே பதினோரு பள்ளிகளைப் பார்த்து முடித்த சலிப்பு ஆகிய நான்கையும் அணிந்து வீணா மேடம் எழுந்தருளினார். ஆயா தனக்கோடி மணியடித்தாள். பிரின்சிபால் சேஷகிரி வாசற்படியில் கைகட்டி நின்றார். பார்வையாளர் எப்போதும் வகுப்பின் பின்னால் அமர்வதே மரபு. அம்மரபை மரகதம் மிஸ்ஸின் பதினாறு டெமோ அனுபவமும் ஏனோ கணக்கில் எடுக்கவில்லை. வீணா மேடம் நேராக நடந்துபோய்க் கடைசி பெஞ்சில், சோனியாவுக்குப் பக்கத்தில், ஒரு கை அகலமே உள்ள இடத்தில் அமர்ந்தார்.

சங்கமித்ரா கொண்டையிலிருந்த மார்க்கரை மேசை முழுக்கத் தேடத் தொடங்கினாள்.

ஆயினும் போர் தொடங்கியது. ஆங்கிலம் ஆறாகப் பெருகியது. அட்டைகள் மின்னின. பொருளடக்கம் எது என்றாள், முதல் பெஞ்சின் நான்கு கைகளும் நான்கு வேல்கள்போல் உயர்ந்தன. தலைப்பு எது, மறுபடி வேல்கள். வீணா மேடத்தின் விரல் டேப்லெட்டில் ஏறி இறங்கியது. விக்கி தவளையின் பெயர் நாகேஷ் என்று ஆங்கிலத்தில் அறிவித்ததைத் தவிர விபத்து ஏதுமில்லை. பதினெட்டு நிமிடம் இப்படிக் கழிந்தது. பிறகு வீணா மேடம் எழுந்து நின்று, மென்மையான ஆங்கிலத்தில் ஒரு பிரகடனம் செய்தார். அதன் பொருளாவது: குழந்தைகளே, தவளைப் புத்தகம் போதும், உங்கள் பைக்குள் இருக்கும் வேறு ஏதேனும் ஒன்றை எடுங்கள், அதில் இன்று கற்றதைக் கண்டுபிடியுங்கள், அது உங்களுக்கு எதைக் கண்டுபிடித்துத் தருகிறது என்று சொல்லுங்கள்.

பதினான்காம் கட்டம். முதல் பெஞ்சின் வேல்கள் நான்கும் தாழ்ந்தன. இதற்கு யாரும் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பைகள் திறந்தன, ரீடர்கள் வந்தன, டிபன் பாக்ஸ் ஒன்று வந்தது. அதில் தலைப்பு இருப்பதாக ஒருவன் வாதாடினான். பிறகு கடைசி பெஞ்சில், வீணா மேடத்தின் முழங்கைக்குக் கீழிருந்து, ஒரு கை மெல்ல உயர்ந்தது.

சோனியாவின் முன்னால் விரிந்திருந்தது பள்ளி டைரி. ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு குழந்தைக்கும் தரப்படுவது. லீவ் லெட்டர் எழுதுவதற்கு மட்டும் பின்பக்கங்களைத் திறப்பார்கள். முன்பக்கங்களில் இருக்கும் விதிமுறைகளை அச்சடித்தவரும் படித்ததில்லை. சங்கமித்ரா மேசையிலிருந்து கடைசி பெஞ்ச் வரை நடந்து வந்தாள். குழந்தையின் விரல் நிற்கும் பக்கத்தைப் பார்த்தாள். பதினொன்று. அங்கே தடித்த எழுத்தில் இருந்த சொல்லைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற சேஷகிரியைப் பார்த்தாள்.

'வேற புக் எடும்மா.' மூன்றே சொல். நாக்கின் நுனியில் வந்து நின்றன. சொல்லியிருந்தால் சோனியா எடுத்திருப்பாள், ஏன் என்று கேட்டிருக்கமாட்டாள். இருபுறமும் படைகள் நிற்க, நடுவில் தேர்த்தட்டில் கைசோர்ந்து அமர்ந்த வீரர்களுக்கெல்லாம் அறிவுரை சொல்ல ஒரு தேரோட்டி கிடைப்பார். சங்கமித்ராவுக்குக் கிடைத்தது சுவரில் ஓடிய கடிகாரம். அது பத்து முப்பத்தெட்டு என்றது.

"படி சோனியா," என்றாள். பிறகு, மூன்றாம் கட்டத்தைக் கண்முன்னே காலால் மிதித்து, "தமிழ்லயே சொல்லு. பரவால்ல," என்றாள்.

சோனியா எழுந்து நின்றாள். குரல் சின்னதாக வந்தது, ஆனால் நிற்கவில்லை.

"இது கன்டென்ட்ஸ். இதுல கேம்ஸ்னு தேடுனேன். பதினொண்ணுனு போட்டுருந்துச்சு. பதினொண்ணாம் பக்கம் போனேன். மேல இருக்கறது ஹெட்டிங். கேம்ஸ் அண்ட் பிளே. அதுல நாலாவது லைன்." விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஆங்கிலத்தில் வாசித்தாள். "கேம்ஸ் பீரியட் ஷல் நாட் பி டேக்கன் ஃபார் எனி அதர் சப்ஜெக்ட். இதுல நாட் மட்டும் குண்டா இருக்குது. குண்டா இருந்தா சத்தமா சொல்றாங்கன்னு அர்த்தம்."

"அப்டின்னா கேம்ஸ் பீரியட யாரும் எடுக்கக் கூடாது," என்று முதல் பெஞ்சிலிருந்து உரையாசிரியர் விக்கி பொருளுரைத்தான்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழம மிஸ்," என்றாள் சோனியா.

கர்ஜனை இல்லை, முழக்கம் இல்லை. கேட்டது ஓர் ஒலிதான். முப்பத்துமூன்று பைகளின் ஜிப்புகள் மறுபடி ஒருசேரத் திறக்கும் ஒலி. முப்பத்துமூன்று டைரிகள் மேசைமேல் வந்தன. ஒருவர்கூட எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டவில்லை. முப்பத்துமூன்று சுட்டுவிரல்கள் பொருளடக்கத்தில் இறங்கி, 'கேம்ஸ்' என்னும் சொல்லைக் கண்டு, வலப்பக்கம் ஓடி, எண்ணைப் பற்றி, நேரே பதினோராம் பக்கத்தில் போய் நின்றன. மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காத ஒன்று கண்ணெதிரே நடப்பதைச் சங்கமித்ரா பார்த்தாள். கண்ணில் நீர் வந்தது. அது பெருமிதமா, வேலை போகும் துயரமா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. இரண்டுக்கும் தலைப்பு தனித்தனியாகப் போட்டிருக்கவில்லை.

"அது ஓல்டு டைரி," என்றார் சேஷகிரி வாசலிலிருந்து.

"கவர்ல இந்த வருஷம் போட்டுருக்குது சார்," என்றான் விக்கி. பொருளடக்கத்தைக் கற்றவன் அட்டையையும் விடுவானா.

வீணா மேடம் சோனியாவின் டைரியை வாங்கி அந்த வரியைத் தாமே படித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்று மூன்று நாளாகப் பள்ளி முழுவதும் நம்பிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து, சற்றே கோலார் தங்கவயல் வாடை வீசும் தமிழில் கேட்டார்:

"இந்த ரூல் யார் சார் எழுதினது?"

அவ்விதியை எழுதியவர் சேஷகிரிதான். துல்லியமாகச் சொன்னால், வேறொரு பள்ளியின் டைரியிலிருந்து முன்பக்கங்களை அப்படியே எடுத்து, பள்ளியின் பெயரை மட்டும் மாற்றி, பிரஸ்ஸுக்கு அனுப்பியவர். அச்சான நாளிலிருந்து இன்றுவரை அவர் பதினோராம் பக்கத்தைக் கண்ணால் கண்டதில்லை.

"கமிட்டி," என்றார்.

"நல்ல ரூல்," என்றார் வீணா மேடம். பெஞ்சில் மறுபடி அமர்ந்து, டேப்லெட்டில் கீழே கீழே தள்ளிக்கொண்டு போய், ஒரு கட்டத்தின் மேல் விரலை நிறுத்தினார். பதினோரு பள்ளிகளில் அவர் தாண்டிப்போன கட்டம் அது. டிக் விழுந்தது. பிறகு மேலே ஏறி மூன்றாம் கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டார், ஏனெனில் அவரும் விதிகளை நம்பி வாழ்பவர். "கடைசி பெஞ்ச்சுல உக்கார வெச்சது யாரு இவள?" என்று எழும்போது மெதுவாகக் கேட்டார்.

"நான்தான் மேடம்," என்றாள் சங்கமித்ரா.

அதை வீணா மேடம் எந்தக் கட்டத்தில் குறித்தார், குறித்தாரா என்பதும் தெரியவில்லை. "இன்னும் பத்து நிமிஷம் இருக்குது. விடுங்க அவங்கள," என்றார்.

பதினான்கில் பதிமூன்று. நிரந்தரமாக்கும் கடிதம் மறுவாரம் சங்கமித்ராவின் கைக்கு வந்தது. அதில் அவள் பெயரைச் சங்கமித்திரன் என்று அடித்திருந்தார்கள். திருத்தக் கொடுத்தால் மறுபடி ஆறுமாதம் ஆகும் என்று மரகதம் மிஸ் சொன்னதால் அப்படியே பத்திரமாக வைத்துக்கொண்டாள். சோனியாவை முதல் பெஞ்சுக்கு மாற்றினாள். சோனியாவோ ஜன்னல் வேண்டும் என்று மூன்றாம் பெஞ்சைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதே வாரம் பிரின்சிபால் அறையில் கதவடைத்து நடந்த ஆலோசனைக் கூட்டத்தில், மாணவர் நலன் கருதி ஆழ்ந்து விவாதித்து, அடுத்த ஆண்டு டைரியிலிருந்து பொருளடக்கப் பக்கத்தை நீக்கிவிடுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

அவையெல்லாம் பின்னர் நிகழ்ந்தவை. அந்த வெள்ளிக்கிழமை, பத்து நாற்பத்தெட்டுக்கு, வகுப்பின் கதவு திறந்தபோது எழுந்த காட்சியை எப்படிச் சொல்வது. கோட்டையை வென்று கொடியேற்றிய சேனைபோல், அணை உடைத்த காவிரிபோல், ஜூன் முதல் சிறைப்பட்டிருந்த அத்தனை வெள்ளிக்கிழமைகளும் ஒரே வாசல் வழியே விடுதலையானதுபோல், முப்பத்துநான்கு வீரர்கள் சோனியாவை முன்னிறுத்தி, வெண்ஷூக்கள் பூமியதிர, படிக்கட்டுகள் கிடுகிடுக்க, ஆயா தனக்கோடி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிட, பின்னால் தங்கள் தளபதி கொண்டையில் மார்க்கரோடு மூச்சிரைக்க ஓடிவர, வெற்றி முரசம் கொட்டாத குறையாகப் படியிறங்கிப் பள்ளியின் பெருமைக்குரிய அந்த நாற்பதடி மைதானத்தை அடைந்தார்கள்.

மைதானத்தில் வீணா மேடத்தின் கார் நின்றிருந்ததால், பிள்ளைகள் அதைச் சுற்றியே ஓடிப் பிடித்து விளையாடினார்கள்.